பழுப்பு நிறத்தின் சாட்சியம்

திறனாய்வு என்றவுடன் கதை, கவிதை, நாடகம் என்றுதான் நம் நினைவு ஓடும். இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வாக்கியம். புற்றுநோய் ஆய்வுக் கட்டுரைகளில், அவை சென்னையில் எழுதப்பட்டவையானாலும் ஸ்டாக்ஹோமில் எழுதப்பட்டவையானாலும், திரும்பத் திரும்ப வருகின்ற வாக்கியம் அது: “இத்தனை கட்டிகளை எதிர்ப்பொருள் கொண்டு சோதித்தோம், அவற்றுள் இத்தனையில் இன்ன புரதம் இருந்தது.” நம் மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகள் பலவும் இந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன. தேனிக்கு அருகே க. விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் இன்று முதலாண்டு படிக்கும் மாணவரும் சில ஆண்டுகளில் இதை எழுதக்கூடும். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஆய்வாளர் உண்மையில் கண்டது என்ன? புரதத்தை அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு பழுப்பு நிறத்தை. அந்த நிறத்திற்கும் புரதத்திற்கும் நடுவே ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது.

அறுத்தெடுத்த கட்டியை முதலில் பார்மலினில் ஊறவைப்பார்கள். பார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிக் கட்டிவிடுகிறது. அதனால் திசு அழுகாமல் நிற்கிறது. பின்பு அதை மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவித் தகட்டில் ஒட்டுவார்கள். ஆனால் பார்மலின் போட்ட கட்டு நாம் தேடும் புரதத்தின் முகத்தையும் மறைத்துவிடும். அதைத் திறக்கத் தகட்டைச் சிட்ரேட் கரைசலில் போட்டுச் சூடேற்ற வேண்டும். இதற்குப் பல ஆய்வுக்கூடங்களில் பயன்படும் கருவி எது தெரியுமா? நம் வீட்டுச் சமையலறையில் விசில் அடிக்கும் அதே பிரஷர் குக்கர்தான். இதன் பிறகு எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். அது தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அதன் மேல், முதல் எதிர்ப்பொருளையே பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருள் ஒன்று. அதன் முதுகில் ஒரு நொதி. அந்த நொதி நிறமற்ற ஒரு வேதிப்பொருளைப் பழுப்பாக மாற்றுகிறது. நுண்நோக்கியின் கீழ் நீங்கள் காண்பது இந்தப் பழுப்பு.

இத்தனை படிகளில் எந்தப் படி தவறினாலும் நிறம் வராமல் போகலாம். வரக்கூடாத இடத்தில் வரவும் செய்யலாம். “பழுப்பு நிறம் தெரிந்தது” என்பது கண்ட செய்தி. “புரதம் இருந்தது” என்பது அதிலிருந்து எடுத்த முடிவு. நம் வாக்கியம் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதற்குத் தாவிவிடுகிறது. இதுதான் என் முதல் குறை.

இந்தத் தாவலுக்குத் துணிவு தருவது பாடப்புத்தகத்தில் வரும் பூட்டும் சாவியும் படம். ஒவ்வொரு எதிர்ப்பொருளுக்கும் ஒரே ஒரு புரதம். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அறிவியலை எளிமையாக எழுதும் நாங்களும் “குறி தவறாத ஏவுகணை” என்று எழுதி இந்தப் படத்திற்கு மெருகு ஏற்றியிருக்கிறோம். போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு நான் வேறொரு படத்தைச் சொல்வேன். ஏலக்காயைத் தரம் பிரிக்கும் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவதெல்லாம் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் தங்கியது ஏலக்காய்தானா, அதே பருமனுள்ள கூழாங்கல்லா என்று சல்லடைக்குத் தெரியாது. எதிர்ப்பொருளும் அப்படித்தான். அது ஒரு புரதம் முழுவதையும் அறிவதில்லை; அதன் மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் சேர்ந்து அமைத்த ஒரு சிறு வடிவத்தை மட்டுமே அறிகிறது. அந்த வடிவமோ அதைப் போன்ற ஒன்றோ வேறொரு புரதத்தில் இருந்தால் அங்கும் ஒட்டிக்கொள்ளும். சல்லடை போட்டதைக் கையால் பொறுக்கிப் பார்க்க ஏலக்காய்க் கடையில் ஆள் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்த வேலையைச் செய்வது யார்?

1975-ஆம் ஆண்டு கோலரும் மில்ஸ்டைனும் ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்களிலிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள். 1984-இல் ஜெர்னேயுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முன்பு முயலுக்கோ ஆட்டுக்கோ புரதத்தை ஊசியாகப் போட்டு, அதன் குருதியிலிருந்தே எதிர்ப்பொருளைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு முயலின் சரக்கு மற்றொரு முயலின் சரக்கைப் போல இராது. கம்பம் பன்னீர்த் திராட்சை ஒரே தோட்டத்திலேயே ஒரு பறிப்புக்கும் மறு பறிப்புக்கும் சுவை மாறுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிய முறை இந்தக் குறையைப் பெரிதும் நீக்கியது. ஆனால் “ஒரே வகை” என்பது வேறு, “ஒரே புரதத்தை மட்டும் பற்றுவது” என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டதில் பிறந்த தவறுகள் கொஞ்சமல்ல.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

கனடாவின் டொராண்டோ நகரில் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த டயமண்டிஸ், பிரசாஸ் என்னும் ஆய்வாளர்கள் கணையப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டக்கூடிய ஒரு புரதத்தைத் தேடினார்கள். கணையப் புற்று மிகக் கொடியது. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சியுஇசட்டி-1 என்ற புரதம் அதற்கு நல்ல அடையாளமாகத் தோன்றியது. விற்பனைக்கு வந்திருந்த ஒரு சோதனைப் பெட்டியை வாங்கி நோயாளிகளின் குருதியைச் சோதித்தார்கள். முடிவுகள் பிரமாதமாக இருந்தன. ஆனால் ஏதோ இடித்தது. ஆழ்ந்து தோண்டியபோது, பெட்டிக்குள் இருந்த எதிர்ப்பொருள் சியுஇசட்டி-1 புரதத்தைப் பற்றவே இல்லை என்று தெரிந்தது. அது பற்றியது சிஏ-125 என்னும் வேறொரு பழைய புரதத்தை. இரண்டு ஆண்டு உழைப்பும் ஏறத்தாழ 5 இலட்சம் டாலரும் போயின. அவர்கள் இதை மூடி மறைக்காமல் அச்சில் வெளியிட்டார்கள். பல நூறு வெற்றிக் கட்டுரைகளை விட அந்தத் தோல்விக் கட்டுரை எனக்குப் பெரியதாகப் படுகிறது.

மற்றொன்று இன்னும் பரவலானது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் இரண்டாவது வகையான பீட்டா 1996-இல் அறிவிக்கப்பட்டது. மார்பகப் புற்றில் இது இருக்கிறது, இல்லை, இருந்தால் நல்லது, இருந்தால் கெட்டது என்று ஒன்றுக்கொன்று முரணான கட்டுரைகள் 20 ஆண்டுகள் குவிந்தன. 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் இந்த ஏற்பிக்கென்று விற்கப்பட்ட 13 எதிர்ப்பொருள்களை ஒழுங்காகச் சோதித்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அதைக் கொண்டு பார்த்தபோது இயல்பான மார்பகத் திசுவில் இந்தப் புரதம் தென்படவே இல்லை. அப்படியானால் முந்தைய கட்டுரைகளில் பழுப்பாகத் தெரிந்தது எது? ஒவ்வொரு கட்டுரைக்கும் இதைத் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இவை அரிய விபத்துகள் என்று எண்ணிவிடாதீர்கள். 2023-இல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில் 65 புரதங்களுக்கான 614 எதிர்ப்பொருள்கள் பரிசோதிக்கப்பட்டன. அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய உயிரணுக்களையும் நீக்காத உயிரணுக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அங்கு பின்பற்றிய முறை. புரதமே இல்லாத உயிரணுவிலும் ஒரு எதிர்ப்பொருள் ஒட்டினால் அதன் குட்டு உடைந்துவிடும் அல்லவா? கிடைத்த கணக்கு கலக்கம் தருவது: ஒவ்வொரு புரதத்திற்கும் சராசரியாக 12 கட்டுரைகள், அந்தப் புரதத்தை அடையாளமே காணாத எதிர்ப்பொருளைக் கொண்டு எழுதப்பட்டிருந்தன. அவை பெரும்பாலும் நரம்பியல் சார்ந்த புரதங்கள். புற்றுநோய்த் துறை மட்டும் புனிதமாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

இனி நம் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வருவோம். அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். 50 கட்டிகள், ஒரு புரதம், வயது, கட்டியின் அளவு, நோயின் படிநிலை ஆகியவற்றோடு ஒரு ஒப்பீடு, இறுதியில் சதவீதம். பி-53 என்னும் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இதன் மரபணு பழுதடைந்திருக்கிறது. நல்ல பி-53 உயிரணுவில் அதிக நேரம் தங்காமல் சிதைக்கப்படும். பழுதடைந்தது சிதையாமல் சேர்ந்து நிற்கும். ஆகவே உட்கரு அடர்பழுப்பாகத் தெரிந்தால் பழுது என்று கொள்கிறார்கள். சரிதான். ஆனால் மரபணு அடியோடு முறிந்துபோனால் புரதமே உண்டாகாது. அப்போது கொஞ்சமும் நிறம் வராது. அதுவும் பழுதுதான்! “நிறம் உண்டு, நிறம் இல்லை” என்று இரண்டே பெட்டியாகப் பிரித்த ஆய்வேடு, மிக மோசமான பழுதை நலமுள்ளவற்றோடு சேர்த்து எண்ணியிருக்கும். அதோடு, நிறம் இல்லாதது பழுதாலா, குக்கரில் சூடு போதாததாலா? அதே தகட்டில் உள்ள இயல்பான உயிரணுக்கள் மங்கலாகவேனும் நிறம் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கும் ஆய்வேட்டை நான் முழு மனத்தோடு பாராட்டுவேன்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர்களுக்குக் கிடைக்கும் காலமும் பணமும் குறைவு. அவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் வெளிநாட்டுக் கட்டுரைகளே எந்த எதிர்ப்பொருள், எந்தக் குளோன், எத்தனை மடங்கு நீர்த்தது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கின்றன. நோயறிதலுக்கென்று பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் எதிர்ப்பொருள்கள், ஆய்வுக்கு மட்டும் என்று அட்டை ஒட்டி விற்கப்படுபவற்றைக் காட்டிலும் மிகுதியாகச் சோதிக்கப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே வேறு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. நம் பள்ளத்தாக்கு மக்களைத் தொடுவது அதுதான்.

மார்பகப் புற்று என்று தெரிந்தவுடன் கேட்கப்படும் முதற்கேள்விகளில் ஒன்று, அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்பது. இது பழைய ஆல்பா வகை. இதற்கான எதிர்ப்பொருள்கள் நம்பத்தக்கவை. 2010-இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி, 100 புற்று உட்கருக்களில் ஒன்று நிறம் ஏறினாலே ஏற்பி உண்டு என்று கொள்ள வேண்டும். ஏற்பி உள்ளவர்க்கு டமாக்சிபன் மாத்திரை உதவும். விலை குறைந்த மாத்திரை. 5 ஆண்டுகள் உண்டால் முதல் 15 ஆண்டுகளில் புற்றால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லை என்று அறிக்கை வந்தால் மாத்திரையும் இல்லை. ஒரு பெண்ணின் ஆயுள் இந்தப் பழுப்பு நிறத்தில் தொங்குகிறது என்றால் மிகையாகாது.

கனடாவின் நியூபவுண்ட்லாந்து மாநிலத்தில் இது எப்படிச் சறுக்கியது என்பது பதிவாகியிருக்கிறது. 1997 முதல் 2005 வரை அங்கு செய்த ஏற்பிச் சோதனைகளில் ஐயம் எழுந்தது. ஏற்பி இருப்பதே வழக்கமான ஒரு புற்று வகையில் “இல்லை” என்று அறிக்கை வந்திருந்ததும், மறுசோதனையில் அது “உண்டு” என்று மாறியதும்தான் தொடக்கம். பழைய மெழுகுக் கட்டிகளை மறுசோதனைக்கு அனுப்பினார்கள். (அனுப்பியது எங்கே? மேலே சொன்ன அதே மவுண்ட் சினாய் மருத்துவமனைக்குத்தான்.) முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டிருந்தது. அவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணைக் குழு 2009-இல் அறிக்கை தந்தது. தரக்கட்டுப்பாடு என்பது பெயரளவில்கூட ஒழுங்காக இல்லை என்பதே அதன் சாரம்.

இப்போது கம்பத்திலோ கூடலூரிலோ ஒரு சிறிய நர்சிங் ஹோமில் ஒரு பெண்ணின் மார்புக்கட்டி சனிக்கிழமை பிற்பகல் அகற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி எல்லாம் கடந்து மதுரைக்குப் போக வேண்டும்; 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் மூடியிருக்கும். விதி சொல்வது என்ன? அறுத்த ஒரு மணி நேரத்திற்குள் கட்டி பார்மலினில் இறங்கிவிட வேண்டும். அதில் 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பார்மலின் திசுவிற்குள் ஆமை வேகத்தில், மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இறங்கும். ஆகவே பெரிய கட்டியைக் கீறிவிடாமல் அப்படியே அமிழ்த்தினால் வெளிப்புறம் பதமாகும், நடுப்பகுதி அழுகும். பார்மலின் கிடைக்கவில்லை என்று உப்பு நீரில் போட்டு அனுப்பினாலோ கேட்கவே வேண்டாம். மதுரையில் எத்தனை உயர்ந்த எதிர்ப்பொருளை ஊற்றினாலும், வழியிலேயே சிதைந்த புரதத்தை அது எங்கே போய்த் தேடும்? “ஏற்பி இல்லை” என்றுதான் அறிக்கை வரும்.

இந்தியப் பெண்களின் மார்பகப் புற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மேலைநாட்டாரைவிடக் குறைவு என்று வெகு காலமாக எழுதப்பட்டு வந்தது. நம் நோயாளிகள் இளவயதினர் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய நோய்க்குறியியலார் சிலரே, இந்தக் குறைவில் எவ்வளவு நம் பெண்களின் உடலைச் சேர்ந்தது, எவ்வளவு நம் டப்பாக்களைச் சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். நல்ல திறனாய்வு இப்படித்தான் வீட்டுக்குள்ளிருந்து எழ வேண்டும்.

எதிர்ப்பொருளே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நமக்கு அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு ஆய்வை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அம்பிளிக்கை மருத்துவ மையம், சென்னைப் புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்திய கருப்பை வாய்ப் புற்று ஆய்வு அது. முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. பயிற்சி பெற்ற செவிலியர் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் சாரத்தை, கருப்பை வாயில் தடவி வெள்ளை படர்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டார்கள். 3,088 பேருக்கு வெள்ளை தெரிந்தது. இவர்கள் எல்லோருக்கும் புற்று என்று யாரும் எழுதவில்லை. வெறும் அழற்சியிலும் வெள்ளை படரும் என்று தெரிந்தே, ஏறக்குறைய அனைவரையும் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தார்கள். 2,539 பேரிடம் திசு எடுத்துச் சோதித்தார்கள். இறுதியில் சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் நேர்ந்த மரணம் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது.

வினிகரின் வெள்ளை எதிர்ப்பொருளின் பழுப்பைவிட மிகவும் மழுங்கிய கருவி. ஆனால் அதைக் கையாண்டவர்கள் அதன் மழுக்கத்தை அறிந்திருந்தார்கள். அடுத்தடுத்த படிகளில் அதைச் சரிபார்த்தார்கள். எதிர்ப்பொருளோ கூர்மையானது என்று பெயர் வாங்கிவிட்டதால் சரிபார்ப்பவர் குறைந்துபோனார்கள். இது கருவியின் குறையா, கையின் குறையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. “முழு உடற்பரிசோதனை” விளம்பரங்களில் புற்றுநோய்க்கான குருதிச் சோதனை என்று சிஏ-125 இடம்பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே டொராண்டோவில் வேடம் கலைந்த அதே புரதம்தான். மாதவிலக்கின்போதும், வயிற்றுக் காசநோயிலும்கூட இது ஏறும். அமெரிக்காவில் 78,216 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பாதியினரை இந்தச் சோதனையோடு ஸ்கேனும் செய்து ஆண்டுதோறும் தேடியும் சினைப்பைப் புற்று மரணம் குறையவில்லை. புற்றே இல்லாத 1,080 பெண்கள் அறுவைக்கு ஆளானதுதான் மிச்சம். நோய் உறுதியானவர்க்குச் சிகிச்சையின் போக்கை அறிய அது பயன்படும்; நலமாக இருப்பவர் காசு கொடுத்து வாங்க வேண்டிய கவலை அன்று.

நம் வாக்கியத்தை எப்படித் திருத்தி எழுதலாம்? “இன்ன குளோன் எதிர்ப்பொருளை இத்தனை மடங்கு நீர்த்துப் பயன்படுத்தினோம். இப்புரதம் இருப்பதாக வேறு வழியில் தெரிந்த திசுவில் நிறம் வந்தது. இல்லை என்று தெரிந்த திசுவில் வரவில்லை. அதே புரதத்தின் வேறு பகுதியைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளும் இதையே காட்டியது. கட்டிகள் பார்மலினில் இத்தனை மணி நேரம் இருந்தன. 50-இல் இத்தனையில் பழுப்பு நிறம் கண்டோம்.” நீளமாகத்தான் இருக்கிறது. படிக்கச் சுவை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். மரபணு நீக்கிய உயிரணுக்களைக் கொண்டு சரிபார்ப்பது நம் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இன்று இயலாது. அறியப்பட்ட திசுவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கும் இயலும்.

இதைவிட எளிதான ஒன்று நர்சிங் ஹோமிலேயே தொடங்குகிறது. அகன்ற வாயுள்ள டப்பா, கட்டியைப் போலப் பத்து மடங்கு பார்மலின், கட்டியின் நடுவே ஒரு கீறல். டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டில் பெயரும் வயதும் எழுதுவது வழக்கம். அதோடு கட்டியை அறுத்த மணியும் பார்மலினில் இட்ட மணியும் எழுதப்பட்டிருந்தால், மதுரையில் நுண்நோக்கியின் முன் அமர்ந்திருப்பவர் நிறம் தெரியாத ஒரு தகட்டைப் பார்த்து “ஏற்பி இல்லை” என்று எழுதுவதா, “இந்தத் திசு சோதனைக்கு ஏற்றதன்று, மறுபடியும் அனுப்புக” என்று எழுதுவதா என்பதை அந்தச் சீட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.